காரின் சிவப்பு எண்ணெய்

எஞ்சினுக்கு ஒயில் மாற்ற வேண்டும் என்பது நம் அங்கத்தவர்களுக்கு ஒருவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம். பில்லையும் பத்திரமாக வைக்கிறோம். ஆனால் கியர் தானாக மாறும் கார் வைத்திருக்கும் அன்பர்களிடம் "கியர்ப் பெட்டியின் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலானோரிடமிருந்து வரும் பதில், "அதையும் மாற்ற வேண்டுமா?" என்பதுதான்.

மாற்றத்தான் வேண்டும். பலெர்மோவில் வாழும் நம்மவர் பலருக்குக் கார் என்பது ஆடம்பரப் பொருளல்ல. அதிகாலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போவதும், இரவு ஒரு மணிக்கு உணவகம் பூட்டித் திரும்புவதும் அதில்தான். எஞ்சின் ஒயிலைத் தவறவிட்ட பிழையைச் சில வேளை சில நூறு யூரோவோடு சரிசெய்துவிடலாம். தானியங்கிக் கியர்ப் பெட்டி கெட்டால் செலவு ஆயிரக்கணக்கான யூரோவாகும். பழைய காராயின் அதன் விலையையே அது விழுங்கிவிடும். அத்தோடு வேலையும் தடைப்படும். ஆகவே இந்த எண்ணெய் என்ன செய்கிறது, வீட்டில் அதை மாற்றுவது எப்படி, யார் அதைச் செய்யக் கூடாது என்பவற்றை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். வைத்தியன் என்ற முறையில், காரைவிடக் காருக்கு அடியில் படுக்கும் மனிதரைப் பற்றியே எனக்கு அதிக கவலை. அதையும் உரிய இடத்தில் சொல்வேன்.

எண்ணெய் செய்யும் ஐந்து வேலைகள்

கையால் கியர் மாற்றும் காரில் கிளச் தட்டு ஒன்று எஞ்சினையும் கியரையும் இணைக்கிறது. தானியங்கியில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. எஞ்சினோடு சுழலும் ஒரு விசிறி எண்ணெயை வீசி எறிய, எதிரே உள்ள இன்னொரு விசிறி அந்த வேகத்தை வாங்கிச் சுழல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. காரை நிறுத்தி பிறேக்கை மிதித்து நிற்கும்போது எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கு இதுவே காரணம்.

இது முதல் வேலை. இரண்டாவதாக, அதே எண்ணெய் அழுத்தத்தோடு குழாய்களில் ஓடி, உள்ளே இருக்கும் கிளச் தட்டுகளை இறுக்கியும் தளர்த்தியும் கியரை மாற்றுகிறது. மூன்றாவதாக, பல்சக்கரங்களுக்கு வழுவழுப்பைத் தருகிறது. நான்காவதாக, வெப்பத்தைச் சுமந்து குளிர்விக்கும் பகுதிக்குக் கொண்டுபோகிறது. ஐந்தாவது மிக நுட்பமானது: கிளச் தட்டுகள் அளவாக வழுக்கி அளவாகப் பிடிப்பதற்கு வேண்டிய உராய்வைக் கட்டுப்படுத்துகிறது. அதிகம் வழுக்கினால் தட்டு தேயும். திடீரென்று பிடித்தால் கார் குலுங்கும்.

இரத்தத்தோடு இதை ஒப்பிடுவது எளிது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் உடலிலுள்ள சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து மடிய, எலும்பு மச்சை புதியதை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. கியர்ப் பெட்டிக்கு எலும்பு மச்சை இல்லை. நாம் மாற்றினால்தான் புதியது வரும்.

இந்த எண்ணெய் கெடுவதற்கு முதற் காரணம் வெப்பம். வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் எண்ணெய் பழுதாகும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது இரசாயனத்தில் பொதுவான கணக்கு. நம் ஊரின் நிலையைப் பாருங்கள். ஓகஸ்ட் மாத வெயிலில் ஷிரோக்கோ காற்று வீச, வியாலே ரெஜோனே சிச்சிலியானாவில் அங்குலம் அங்குலமாக நகர்கிறோம். வியா லிபெர்த்தாவிலோ ஒவ்வொரு சந்தியிலும் நின்று போகிறோம். ஞாயிறன்று குடும்பத்தோடு சாந்த ரொசாலியாவை வணங்க மொந்தே பெல்லெகிரீனோ மலையில் வளைந்து வளைந்து ஏறுகிறோம். ஐந்து பேர் ஏறிய சிறிய கார், 600 மீற்றர் உயர மலை, மெதுவான வேகம்: கியர்ப் பெட்டிக்கு இதைவிடக் கடினமான சோதனை கிடையாது. கார்க் கையேடுகளில் "கடினமான உபயோகம்" என்று தனியாக ஒரு பிரிவு இருக்கும். பலெர்மோவில் ஓடும் கார் பெரும்பாலும் அந்தப் பிரிவைச் சேர்ந்ததே. இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்கினால் பிறேக்கும் காய்ந்துபோகாது.

"ஆயுள் முழுவதும்" என்ற சொல்

சில கையேடுகள் இந்த எண்ணெய் காரின் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று சொல்கின்றன. யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். முதல் உரிமையாளர் விற்கும் வரை உள்ள காலமா? நம்மில் அநேகர் இரண்டாம், மூன்றாம் கையாகத்தான் கார் வாங்குகிறோம். பல கம்பெனிகளின் கார்களுக்குக் கியர்ப் பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மனியின் செட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு வருஷத்துக்குள், உபயோகத்தைப் பொறுத்து மாற்றும்படி சொல்கிறது. செய்தவரின் வாக்கு அது. நகரத்துக்குள்ளேயே ஓடும் காருக்கு 60,000 கிலோமீற்றரில் மாற்றுவது புத்தியான காரியம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் கையேடு அதற்கு முன்பே மாற்றச் சொன்னால் கையேட்டையே கேளுங்கள்.

எந்த எண்ணெய்?

தானியங்கிக் கார் முதன்முதலில் பெருந்தொகையாக விற்பனைக்கு வந்தது 1939இல், ஜெனரல் மோட்டோர்ஸின் ஹைட்ராமாட்டிக் பெட்டியுடன். 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது பொருத்தப்பட்டது. பின்னர் 1949இல் "டைப் ஏ" என்றும், 1967இல் "டெக்ஸ்ரன்" என்றும் எண்ணெய்க்குத் தர விதிகள் வந்தன. சைவ உணவுக்காரரான அன்பர்கள் அறிந்திராத செய்தி ஒன்று: அந்தக் கால எண்ணெயில் உராய்வைச் சரிப்படுத்த திமிங்கலக் கொழுப்பு சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கல எண்ணெயைத் தடைசெய்த பிறகுதான் வேறு பொருள்களைத் தேடினார்கள். இன்றைய எண்ணெய்களில் அது இல்லை.

சிவப்பு நிறம் எண்ணெயின் இயற்கை அல்ல, சாயம். எஞ்சின் ஒயிலிலிருந்து வேறுபடுத்தவும், ஒழுகினால் எங்கிருந்து வருகிறது என்று காணவும் சேர்க்கிறார்கள். ஆகவே நிறம் ஒன்றாயிருப்பதால் எண்ணெய் ஒன்று என்று நினைக்கலாகாது. டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ், ஹொண்டாவுக்கு டிடபிள்யூ-1, ஜெனரல் மோட்டோர்ஸ் வழியினருக்கு டெக்ஸ்ரன்-6 என்று ஒவ்வொன்றும் வேறு. ஒரே சிவப்பு மருந்துப் போத்தல் எல்லா நோய்க்கும் ஆகாதது போலத்தான் இதுவும்.

மிக முக்கியமாக, உங்கள் கார் எந்த இனம் என்று முதலில் அறியுங்கள். இரண்டு மிதிகள் மட்டும் இருப்பதால் எல்லாம் ஒன்றல்ல.

ஒன்று: எண்ணெய் விசிறியும் பல கியர்களும் உள்ள வழமையான தானியங்கி.

இரண்டு: பட்டியில் ஓடும் சிவிடி. இதற்குத் தனி எண்ணெய் வேண்டும். சாதாரண சிவப்பு எண்ணெயை ஊற்றினால் பட்டி வழுக்கிப் பெட்டி பாழாகும்.

மூன்று: இரட்டைக் கிளச் பெட்டி. எண்ணெயில் நனைந்த கிளச் என்றால் அதற்குரிய எண்ணெயும் வடிகட்டியும் தனி.

நான்கு: இத்தாலியில் நாம் அதிகம் காணும் ஃபியாட் டுவாலோஜிக் வகை. பழைய சிஞ்குவெச்சென்தோ, பாண்டா கார்களில் சில இவ்வகை. இது உண்மையில் கையால் மாற்றும் கியர்ப் பெட்டியே. கிளச்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் ஒரு சிறிய எண்ணெய்ப் பொறி. பெட்டிக்கு ஒரு எண்ணெய், பொறிக்கு வேறொரு எண்ணெய். இக்கட்டுரையில் வரும் முறை இதற்குப் பொருந்தாது.

ஐந்து: டொயோட்டா யாரிஸ் போன்ற ஹைபிரிட். இதில் எண்ணெய் விசிறி இல்லை. ஊற்றும் மூடியும் வடிக்கும் மூடியும் இருக்கும். வடித்து, ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்பினால் போதும். ஐந்திலும் எளியது இதுவே. ஆனால் எஞ்சின் தானாக இயங்கும் தன்மையுள்ளதால், காரை முழுமையாக அணைத்துச் சாவியைத் தூர வைக்க வேண்டும். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்களில் கை வைக்கவே கூடாது. அவற்றில் உயிர்க்கொல்லி மின்னழுத்தம் உண்டு.

சந்தேகம் இருந்தால் காரின் லிப்ரெத்தோவை எடுத்துக்கொண்டு ரிகாம்பி கடைக்குப் போங்கள். அதில் "ஈ" என்ற எழுத்துக்கு எதிரே உள்ளது காரின் தெலாயோ இலக்கம். அந்த இலக்கத்தைக் கொண்டு சரியான எண்ணெய், வடிகட்டி, மூடியின் வளையம் எல்லாவற்றையும் கடைக்காரர் தேடித் தருவார். போத்தலின் முன்பக்கத்தில் உள்ள விளம்பரத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் உங்கள் தர விதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

யார் செய்யக் கூடாது

கார் டீ-க்குப் போட்ட பின் இரண்டு மூன்று வினாடி தயங்கி அசைந்தால், எஞ்சின் உறுமியும் வேகம் கூடாவிட்டால், கியர் மாறும்போது அடித்தாற்போல் குலுங்கினால், அல்லது கியர் விளக்கு எரிந்தால், அது எண்ணெய் மாற்றும் கட்டத்தைத் தாண்டியிருக்கலாம். புது எண்ணெய் தேய்ந்த தட்டை வளர்க்காது. அப்படியானவர்கள் கியர்ப் பெட்டியில் தேர்ந்தவரிடம் போவதே முறை.

எண்ணெயின் நிறமும் மணமும் நோய்க்குறிகளே. தெளிந்த சிவப்பு நல்லது. கபில நிறம் வயதைக் காட்டுகிறது, மாற்றலாம். கறுத்து, கருகிய மணம் வந்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பாலில் ரோஸ் சிரப் கலந்தாற்போல இருந்தால் றேடியேற்றர் நீர் உள்ளே புகுந்திருக்கிறது. அந்தக் காரை ஓட்டவே வேண்டாம்.

இடம் இல்லாதவர்களும் வீட்டில் செய்யக் கூடாது. லிபெர்த்தாவில் நம்மவர் குடியிருப்பது பெரும்பாலும் மாடிக் கட்டடங்களில். தெருவில் காரை உயர்த்தி வேலை செய்வது முறையல்ல. கொண்டொமீனியோ முற்றத்தில் எண்ணெய் சிந்தினால் அயலவரோடு வழக்கு. மட்டமான சீமெந்துத் தரையுள்ள கராச் அல்லது நண்பரின் கம்பாஞ்ஞா வீடு வேண்டும். தார்த் தரை கோடையில் இளகி, தாங்கியின் கால் புதைந்துவிடும். இடமில்லாதவர்கள் சரியான எண்ணெயைத் தாமே வாங்கிப் பழக்கமான மெக்கானிக்கோவிடம் கொண்டுபோய்த் தம் கண்முன்னே மாற்றுவித்தால், அதுவே பெரிய காரியம்.

காருக்கு அடியில்: உயிர்ப் பாதுகாப்பு

இதை மட்டும் அன்பர்கள் இரண்டு தரம் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காரோடு வரும் ஜக் சில்லு மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி அடியில் தலையைக் கூட நீட்டக் கூடாது. கார் சரிந்து மார்பின் மேல் அமர்ந்தால் எலும்பு முறியாவிட்டாலும் மார்பு விரிய இயலாது. மார்பு விரியாவிட்டால் மூச்சு இல்லை. ஒட்சிசன் இன்றி மூளை தாங்குவது சில நிமிஷங்களே. அம்புலன்ஸ் எவ்வளவு விரைவாக வந்தாலும் அந்தச் சில நிமிஷத்துக்குள் வந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கூச்சலிடவும் முடியாது, கூச்சலுக்கும் மூச்சு வேண்டும்.

ஆகவே உருக்குத் தாங்கிகள் நான்கு அவசியம். இத்தாலியக் கடைகளில் கவல்லெத்தி என்று கேளுங்கள். காரின் பாரத்தைத் தாங்கும் அளவு அதில் எழுதியிருக்கும். காரின் அடியில் கையேடு காட்டும் இடங்களில் மட்டும் அவற்றை வைக்க வேண்டும். உயர்த்தும்போது தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். உயர்த்திய பின் காரைக் கையால் நன்றாகத் தள்ளி அசைத்துப் பாருங்கள். அசைந்தால் உள்ளே போகாதீர்கள். கழற்றிய சில்லுகளை அடியில் படுக்க வைப்பதும் இன்னொரு காவல்.

தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் அடியில் இருந்தால் ஒருவர் வெளியில், கையில் தொலைபேசியோடு இருக்க வேண்டும். அவசர இலக்கம் 112. சிறுபிள்ளைகள் அந்த இடத்துக்கு வரக் கூடாது.

அடுத்து, சூடு. நீண்ட தூரம் ஓடி வந்த காரின் எண்ணெய் 80, 90 பாகையில் இருக்கும். கையில் கொட்டினால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிஷம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், மஞ்சள் ஒன்றும் பூச வேண்டாம். கண்ணாடி அணியுங்கள், அண்ணாந்து பார்க்கும்போது முதல் துளி கண்ணில்தான் விழும். கையுறை நைட்ரைல் என்ற நீல வகையாக இருக்கட்டும். சாதாரண லேட்டெக்ஸ் எண்ணெயில் இளகிவிடும்.

கடைசியாக, பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணெயின் நிறம் நன்னாரி சர்பத்தின் நிறம். மிஞ்சியதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி அலுமாரியில் வைப்பவர் உண்டு. அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வெளிவரும்போது எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலைப் புண்ணாக்கும். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாற்றும் முறை

வழமையான தானியங்கிக்கு உரிய முறையைச் சொல்கிறேன். அரை நாள் வேண்டும். அவசரமுள்ள நாளில் தொடங்காதீர்கள்.

1. கார் மட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் எண்ணெயின் அளவு பிழையாகத் தெரியும். நான்கு மூலையையும் ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். அல்லது குழி உள்ள கராச்சைத் தேடுங்கள்.

2. எண்ணெய் இளஞ்சூடாக இருக்கட்டும். ஐந்து நிமிஷ ஓட்டம் போதும். பின் எஞ்சினை அணையுங்கள்.

3. ஊற்றும் மூடியை முதலில் திறவுங்கள். இது பொன்னான விதி. வடிக்கும் மூடியைத் திறந்து எண்ணெயெல்லாம் போன பிறகு, ஊற்றும் மூடி துருப்பிடித்துத் திறக்காவிட்டால், கார் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அது திறக்காவிட்டால் மற்றதைத் தொடாதீர்கள். அளவுக் கம்பி உள்ள கார்களில் அந்தக் கம்பியின் குழாயே ஊற்றும் வழி.

4. வடிக்கும் மூடி எது என்று உறுதிசெய்யுங்கள். சில கார்களில் எஞ்சின் ஒயில் மூடியும் கியர்ப் பெட்டி மூடியும் அருகருகே இருக்கும். ஒன்றை வடித்து மற்றதில் ஊற்றினால் இரண்டும் நாசம். வருவது சிவப்பா கறுப்பா என்று கவனியுங்கள். சிவப்பு முற்றாகக் கபிலமாகியிருக்கவும் கூடும் என்பதால், கையேட்டின் படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

5. வடிந்த எண்ணெயை அளந்து எழுதுங்கள். இரண்டாவது பொன்னான விதி இது. எவ்வளவு வந்ததோ அவ்வளவே உள்ளே போக வேண்டும். அளவிட்ட வெறும் போத்தல்களில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

6. அடித் தட்டைக் கழற்றும் வகையாயின், போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல் ஒரு மூலையைத் தளர்த்தி, மிச்ச எண்ணெயை அந்தப் பக்கமாக வடிய விடுங்கள். தட்டின் உள்ளே சிறு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை போல நுண்தூள் படிந்திருப்பது இயல்பு, துடைத்துவிடுங்கள். விரலில் குத்தும் இரும்புச் சில்லுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது, தேர்ந்தவரிடம் காட்டுங்கள்.

7. வடிகட்டியை மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் புதியதை ஏற்றினால் காற்று உள்ளே போகும். துடைக்க நூல் உதிராத துணி வேண்டும். ஒரு நூல் ஒரு சிறு துளையை அடைக்கும்.

8. புதிய வளையத்தோடு மூடியையும் தட்டையும் பூட்டுங்கள். தட்டுப் போல்ட்டுகள் சிறியவை, பெட்டியோ அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். அளவோடு இறுக்கும் சாவியால், கையேடு சொன்ன நியூட்டன்-மீற்றர் அளவில், எதிரெதிராக இறுக்குங்கள்.

9. வடிந்த அளவு புதிய எண்ணெயை ஊற்றுங்கள். பக்கவாட்டில் துளை உள்ள கார்களுக்குக் கைப்பம்பு தேவை.

10. அடியில் ஒருவரும் இல்லை என்று கண்டபின், பிறேக்கை அழுத்தி எஞ்சினை இயக்கி, நெம்பை ஒவ்வொரு நிலையிலும் சில வினாடி நிறுத்தி, மீண்டும் பார்க்கில் கொண்டு வாருங்கள். எண்ணெய் எல்லா வழிகளிலும் பரவும்.

11. அளவைப் பாருங்கள். கம்பி உள்ள பல கார்களில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சூடான நிலையில் பார்க்க வேண்டும். சில ஹொண்டாக்களில் அணைத்த உடனே பார்க்க வேண்டும். கம்பி இல்லாத கார்களில் அளவு மூடி ஒன்று உண்டு. கையேடு சொன்ன வெப்பநிலையில், பெரும்பாலும் 35 முதல் 45 பாகைக்குள், எஞ்சின் ஓடும்போது அதைத் திறந்தால் மிகையானது வழிந்து, பின் துளித்துளியாகச் சொட்டும். அப்போது மூட வேண்டும். வெப்பநிலையைக் காட்டும் சிறு கருவி இல்லாமல் இதைச் செய்ய முடியாது. இந்தக் கட்டம் ஒன்றுக்காகவே பலர் மெக்கானிக்கோவிடம் போவது நியாயம்தான்.

அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் இல்லை, கிளச் பிடிக்காது. "கொஞ்சம் கூட இருந்தால் நல்லது" என்ற நம் வீட்டுச் சமையல் வழக்கம் இங்கே செல்லாது.

12. சிறிது ஓட்டிவிட்டு ஒழுக்குப் பாருங்கள். மறுநாள் காலையிலும் அடியில் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்துப் பாருங்கள்.

ஒருமுறை போதுமா?

வடிக்கும்போது எல்லா எண்ணெயும் வருவதில்லை. விசிறிக்குள்ளும் குளிர்விக்கும் குழாய்களிலும் மிச்சம் நிற்கும். மொத்தம் எட்டு லீற்றரில் நான்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் முறையில் பாதி புதியது. சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் மாற்றினால் முக்கால் பங்கு புதியது. மூன்றாம் முறையில் எட்டில் ஏழு பங்கு. கவனிக்கப்படாத பழைய காருக்கு இப்படிப் படிப்படியாக மாற்றுவதே நல்லது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே விருந்து வைப்பதில்லை, கஞ்சியில்தான் தொடங்குகிறோம்.

பழைய எண்ணெய் எங்கே போகும்?

சாக்கடையில் ஊற்றினால் அது நேரே கடலுக்குப் போகும். மண்ணில் ஊற்றினால் நிலத்தடி நீருக்கு. இத்தாலியின் 2006ஆம் ஆண்டுச் சுற்றாடல் சட்டம், 152ஆம் இலக்கம், இதைத் தடைசெய்கிறது. குப்பைத் தொட்டிக்குள் போடுவதும் குற்றம். பழைய எண்ணெயைச் சேகரிப்பதற்கென்றே இத்தாலியில் 1984 முதல் ஒரு தேசிய அமைப்பு இயங்கி வருகிறது; இன்று அதன் பெயர் கொனூ. சேர்த்த எண்ணெயின் பெரும்பகுதி சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் எண்ணெயாகிறது. பலெர்மோவில் றாப் நிறுவனம் நடத்தும் சேகரிப்பு நிலையங்களில், வாகன எண்ணெயை எது ஏற்கிறது என்று கேட்டறிந்து, மூடிய கலனில் கொண்டுபோய்க் கொடுங்கள். சமையல் எண்ணெயோடு கலக்காதீர்கள். தண்ணீரைக் காத்து வாழ்ந்த குடாநாட்டிலிருந்து வந்த நமக்கு, கிணற்றில் எண்ணெய் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தமிழர் குடியிருக்கும் தெரு சுத்தமாயிருக்கிறது என்று அயலவர் சொல்வதும் நம் கோயிலுக்குப் பெருமையே.

முடிவாக ஒன்று

இயந்திரத்தைக் காப்பாற்றும் திறமை நம்மவருக்குப் புதிதல்ல. 1990 முதல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் ஒரு சிறங்கைப் பெற்றோலைத் தெளித்து இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கர்ப்பிணிகளையும் காயப்பட்டோரையும் அந்தக் கார்களே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தன. அன்று கையில் ஒன்றுமில்லை. புத்தியும் கவனமும் இருந்தன. இன்று சரியான எண்ணெயும் கருவியும் கடையில் உண்டு. கவனத்தை மட்டும் நாம்தான் கொண்டுவர வேண்டும்.

புதுக் கார் எடுத்தால் கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் சாத்தி, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டுகிறோம். நல்ல வழக்கம். அதே காருக்குள் ஒரு சிறிய அட்டையும் வையுங்கள். கியர்ப் பெட்டி எண்ணெய் மாற்றிய திகதி, கிலோமீற்றர், எண்ணெயின் தரம், வடிந்த அளவு, ஊற்றிய அளவு என்ற ஐந்தையும் அதில் எழுதுங்கள். காரை நீங்கள் விற்றாலும், பிள்ளைக்குக் கொடுத்தாலும், அடுத்து அதன் அடியில் படுப்பவருக்கு அந்த அட்டை உதவும்.

— வைத்திய அங்கத்தவர் ஒருவர், லிபெர்த்தா, பலெர்மோ